ஈடு செய்யாத நாட்கள்

வாக்குப்பதிவுக்கு ஒரு நாள் விடுமுறை. அரசாணையில் அவ்வளவுதான் இருக்கும்; பள்ளிக்கு அது ஒரு நாளோடு முடிவதில்லை. முந்தின நாள் காலையிலேயே அறைகளைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். மதியத்துக்கு மேல் மண்டல அலுவலரின் வண்டியில் பெட்டிகள் வந்து இறங்கும். கூடவே வேறு ஊர்ப் பள்ளிகளிலிருந்து டியூட்டிக்கு வந்த ஆசிரியர்கள், காவலுக்கு ஒரு போலீஸ்காரர். அன்றிரவு அவர்கள் தங்குவது மூன்றாம் வகுப்பு உட்காரும் அறையில்.

மறுநாள் மாலை ஓட்டுப்பதிவு முடிந்தாலும் பெட்டி கிளம்ப நடுராத்திரி ஆகிவிடும். அதற்கு அடுத்த நாள் பள்ளி உண்டு. ஆனால் பாடம் எங்கே நடக்கும்? பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, தரையைக் கழுவி, சுவரில் ஒட்டிய வேட்பாளர் பட்டியலைச் சுரண்டி எடுத்து, மூட்டை கட்டி வைத்த புத்தகங்களைத் திரும்ப அடுக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். இந்த மூன்று நாளை எந்தப் பதிவேட்டிலும் மூன்று நாளாகக் காட்ட வழியில்லை. விடுமுறை ஒன்று, வேலைநாள் இரண்டு என்றுதான் எழுத வேண்டும்.

*

இப்படிப்பட்ட நாட்கள் எத்தனை முறை வருகின்றன என்று பார்க்க, ஈரோடு கிழக்குத் தொகுதியின் தேர்தல் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். 2022 பிப்ரவரி 19, மாநகராட்சித் தேர்தல். 2023 பிப்ரவரி 27, இடைத்தேர்தல். 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். 2025 பிப்ரவரி 5, மறுபடியும் இடைத்தேர்தல். சட்டமன்ற உறுப்பினர் திருமகன் ஈவெரா மறைந்ததால் முதல் இடைத்தேர்தல். அதில் வென்ற அவருடைய தந்தை இளங்கோவனும் மறைந்ததால் இரண்டாவது. யாரையும் குறை சொல்ல முடியாத காரணங்கள்.

அந்தத் தொகுதியின் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 2021-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கொரோனாவால் அந்த ஆண்டு ஒன்றிலிருந்து எட்டு வரையிலான வகுப்புகள் திறந்ததே நவம்பர் 1-ஆம் தேதி. மூன்று மாதம் கழித்து முதல் தேர்தல். இரண்டாம் வகுப்பில் ஒன்று, மூன்றாம் வகுப்பில் ஒன்று, நான்காம் வகுப்பில் ஒன்று. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் 2026-உம் சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. தொடக்கப் பள்ளியில் இருக்கும் ஐந்து வருடத்திலும் வருடத்துக்கு ஒரு தேர்தல் வந்திருக்கிறது.

ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்கு பிப்ரவரி என்ன மாதம் என்று தெரியும். ஜூனில் எழுத்தில் தொடங்கினால், பொங்கல் கழிந்து வரும் வாரங்களில்தான் பல பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ‘ப-ட-ம்’ என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது திடீரென்று ஒரு நாள் ‘படம்’ என்று சேர்த்துச் சொல்லும். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். வந்த வேகத்தில் தினமும் பத்து வரி படிக்க வைத்தால் பிடித்துக்கொள்ளும். அந்த வாரத்தில் அறையைப் பூட்டினால், வீட்டில் படிக்க வைக்க ஆள் இல்லாத பிள்ளை திங்கட்கிழமை மறுபடி ‘ப-ட-ம்’ என்று வந்து நிற்கும். எந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஆள் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஆணையிடும் அலுவலகத்துக்குத் தெரியாது.

*

எங்கள் ஒன்றாம் வகுப்புச் சுவரில் ஓவியங்கள் இருந்தன. இரண்டு மலைக்கு நடுவே சூரியன். குளத்தில் தாமரை. ஒரு மாம்பழம். அதற்குக் கீழே, பிள்ளைகள் வண்ணத்தில் கை தோய்த்துப் பதித்த உள்ளங்கை அச்சுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். தேர்தலுக்கு முன்னால் சாவடியைப் பார்வையிட வந்தவர்கள் எல்லாவற்றையும் மறைக்கச் சொன்னார்கள். நானும் சத்துணவு அக்காவும் மைதா பசை காய்ச்சி, செய்தித்தாளை ஒட்டினோம்.

மறுநாள் ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், என் கையை ஏன் மூடிட்டீங்க?”

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். ஓட்டுப் போட வருகிறவர்கள் யாருக்குப் போடுவது என்று அவர்களே யோசித்து முடிவு செய்ய வேண்டும், உள்ளே வந்த பிறகு சுவர் அவர்களுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று. அவனுக்குப் புரிந்தது. “அப்புறம் திறந்துடுவீங்கல்ல?” என்றான்.

விதி சரியான விதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் காகிதத்தை உரித்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. கை அச்சுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. வரைந்து கொடுக்க யாரிடம் பணம் கேட்பது? தேர்தல் செலவுக் கணக்கில் பந்தலுக்கு இடம் உண்டு, ஒலிபெருக்கிக்கு உண்டு, தடுப்புக்கட்டைக்கு உண்டு. இதற்கு இல்லை. ஊரில் பெயிண்ட் வேலை செய்கிற ஒரு தகப்பனார் அடுத்த ஜூனில் காசு வாங்காமல் சூரியனை வரைந்து கொடுத்தார். கைகளை யாரும் திரும்ப வரைய முடியாது. அந்தப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

*

தஞ்சாவூரில் சதய விழா என்றால் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு அறிவிப்பார்கள். நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்தில். அந்த அறிவிப்பை எடுத்துப் பார்த்தால் அடுத்த வரியிலேயே, அதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை பள்ளிகளும் அலுவலகங்களும் வேலை செய்யும் என்று இருக்கும். கடைசியில் இது செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் அறிவிக்கப்பட்ட விடுமுறை அல்ல என்ற வாசகமும் இருக்கும். மழைக்கு விடும் விடுமுறையைக்கூடச் சனிக்கிழமைகளில் சரிக்கட்டச் சொல்கிறார்கள்.

வாக்குப்பதிவு நாள் பொது விடுமுறை. அதற்கு ஈடுசெய் நாள் அறிவித்து என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. திருவிழாவுக்கு விட்ட நாளைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குத் தேர்தலுக்கு எடுத்த நாளையும் திருப்பிக் கொடுக்கத் தெரியும். ஒரே அலுவலகம், ஒரே தட்டச்சு, அறிக்கையில் இன்னும் ஒரு வரி. அதைத்தான் கேட்கிறேன்.

*

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல். ஆறிலிருந்து எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். அதாவது சிறு பிள்ளைக்கு ஒரு நாள் என்பது குறைந்தது நான்கு மணி நேரப் படிப்பு.

அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. உடனே மூன்று விலக்கு: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். முதல் இரண்டும் என்றோ வருபவை. மூன்றாவது எங்களுக்கு வருடாவருடம் வருகிறது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரிச் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பே, 2007 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லியிருந்தது. டெல்லியில் ஆசிரியர்களை வாக்காளர் பட்டியல் வேலைக்கு எடுத்தது பற்றிய வழக்கு, தேர்தல் ஆணையத்துக்கும் புனித மேரி பள்ளிக்கும் இடையே நடந்தது. பட்டியல் திருத்தம் போன்ற வேலைகளுக்கு ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் பாடம் இல்லாத நாட்களிலும் பயன்படுத்தலாம்; சாதாரணமாகப் பாட வேளையில் இழுக்கக் கூடாது; ஆசிரியர் அல்லாத பணியாளர்களை எந்த நேரத்திலும் எடுக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். மிகப் பொறுப்பான தீர்ப்பு. தேர்தல் வேலையும் நடக்க வேண்டும், வகுப்பும் நடக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். இதை அச்செடுத்து எங்கள் பள்ளிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

*

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு 2025 நவம்பரை எப்படிப் பார்ப்பது?

நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, செயலியில் ஏற்ற வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர்களான பி.எல்.ஓ.க்களில் அங்கன்வாடிப் பணியாளர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் இருந்தார்கள். எங்களைப் போன்ற ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பி.எல்.ஓ. என்றால் மீதி ஒருவர்தான் ஐந்து வகுப்புக்கும்.

என்னோடு வேலை செய்யும் தம்பி நல்ல ஆசிரியர். ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சிக்குப் பிறகு அவர் செய்த அட்டைகள் பக்கத்துப் பள்ளிகளுக்கும் போயிருக்கின்றன. அந்த நாட்களில் அவர் வகுப்பில் இருந்தாலும் வகுப்பில் இல்லை. ஒரு பிள்ளை பாடம் வாசிக்கும். பாதி வரியில் போன் அடிக்கும். எடுக்காமல் இருக்க முடியாது. கூப்பிடுவது மேற்பார்வையாளராகவும் இருக்கலாம், பெயர் விட்டுப்போகுமோ என்று பயந்த ஒரு பாட்டியாகவும் இருக்கலாம். 2002 பட்டியலில் அப்பா பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று அவர் திண்ணையில் நின்று தேடிக்கொண்டிருப்பார். உள்ளே அந்தப் பிள்ளை, நிறுத்திய சொல்லின் மேல் விரலை வைத்தபடி காத்திருக்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர் சைக்கிளில் தெருத் தெருவாகப் போவார். ஒருவருடைய வாக்குரிமை போய்விடக் கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு ஆள் வேண்டும், முழுநேரமாக வேண்டும், வகுப்பிலிருந்து எடுத்த ஆளாக அவர் இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். ஊரில் படித்து வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள் எத்தனை பேர்! ஒரு மாதச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தால் செய்ய மாட்டார்களா?

வாக்குப்பதிவு நாளுக்காவது காலண்டரில் சிவப்பு மை உண்டு. இந்த நாட்கள் எல்லாம் கறுப்பு மையில் வேலைநாளாகவே இருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் பிள்ளையும் உண்டு, ஆசிரியரும் உண்டு. நடக்காத பாடத்துக்கு மட்டும் பதிவேடு இல்லை.

*

கணக்கு: 2024-இல் தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கும் மேல் வாக்குச்சாவடிகள். சாவடிக்கு நான்கு பேர் என்று வைத்தாலே இரண்டே முக்கால் லட்சம் பேரை நெருங்குகிறது. இருப்பில் வைப்பவர்கள் தனி. கொரோனா இடைவெளிக்காக 2021-இல் சாவடிகள் 88 ஆயிரத்தைத் தாண்டின. இப்போது ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்ற உச்ச வரம்பை 1,200 ஆகக் குறைத்திருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் வரிசை குறையும், நல்லதுதான். கூடும் சாவடிகளுக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று யோசித்தால் எனக்குப் பள்ளிகள்தான் தெரிகின்றன.

*

சாவடியைப் பள்ளியை விட்டு எடுத்துவிடச் சொல்லும் யோசனை ஆசிரியர் கூட்டங்களில் அவ்வப்போது வரும். நான் அதற்கு உடன்படவில்லை.

கோயிலில் சாவடி வைக்கக் கூடாது, மருத்துவமனையில் கூடாது, காவல் நிலையத்தில் கூடாது என்பது ஆணையத்தின் விதி. கல்யாண மண்டபம் ஒருவருக்குச் சொந்தம். சமுதாயக் கூடம் பல ஊர்களில் ஒரு தெருவுக்குச் சொந்தம். பெயரில் சமுதாயம் இருந்தாலும் எல்லோரும் உள்ளே போக முடியாது. ஊர்க்காரரும் காலனிக்காரரும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வரிசையில் நிற்கும் கட்டடம் பல கிராமங்களில் பள்ளி ஒன்றுதான்.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல். தலித்துகளுக்கு ஒதுக்கிய இந்த ஊராட்சிகளில் 1996-இலிருந்து பத்து வருடம் தலைவர் தேர்தலை ஒழுங்காக நடக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. ஓட்டுப் போடும் இடம் யாருடையது என்பது நம் ஊர்களில் சின்ன விஷயம் அல்ல. வாக்குப்பதிவு அன்று எங்கள் பள்ளி வாசலில் நிற்கும் வரிசையைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. இந்த இடத்தை ஊர் நம்புகிறது. பள்ளியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். நாளை மட்டும் திருப்பித் தரட்டும்.

*

எங்கள் பள்ளிக்குச் சாய்தளம் வந்தது தேர்தலால்தான். சக்கர நாற்காலியில் வரும் வாக்காளருக்காகக் கட்டினார்கள். இப்போது காலில் குறைபாடுள்ள எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளை யார் கையையும் பிடிக்காமல் அதில் ஏறி வருகிறாள். இதை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பல மாதமாகத் தண்ணீர் ஏறாமல் கிடந்த கழிப்பறைத் தொட்டிக்கு வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ஆள் வந்தார், குழாயை மாற்றினார், தண்ணீர் ஏறியது. எரியாத விளக்குகள் எரிந்தன. மனு மேல் மனு போட்டும் நடக்காதது அரை நாளில் நடந்தது. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

*

விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தானே என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேலைநாள் என்றால் இரண்டு வேளைச் சாப்பாடு. 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, மதியம் முட்டையோடு சத்துணவு. அப்பாவும் அம்மாவும் காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பும் வீடுகள் இவை. வாக்குப்பதிவு அன்று அதே சமையல் கூடத்தில் அடுப்பு எரியும், சாவடி அலுவலர்களுக்காக. பல ஊர்களில் சத்துணவு அக்காதான் அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பார். வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் அல்லாடுபவர்களுக்கு யாராவது சோறு போடத்தான் வேண்டும். ஆனால் அன்று கேட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போன இரண்டு பிள்ளைகளையும் நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். கூப்பிட முடியாது, சாவடி எல்லைக்குள் அவர்கள் வரக் கூடாது. ஒரு தூக்கில் போட்டு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

*

பெரிய வகுப்புகளுக்கு வேறு மாதிரிச் சிக்கல். 2021-இல் பிளஸ் டூ தேர்வு மே 3 தொடங்குவதாக இருந்தது. மே 2 வாக்கு எண்ணிக்கை. அதனால் முதல் தாளான மொழிப்பாடத்தை மட்டும் மே 31-க்குத் தள்ளினார்கள். (இரண்டாம் அலையில் அந்தத் தேர்வு முழுவதுமே ரத்தானது வேறு கதை.) 2024-இல் மற்ற வகுப்புகளின் ஆண்டுத் தேர்வில், ரம்ஜானை ஒட்டித் தள்ளிவைத்த அறிவியலும் சமூக அறிவியலும் தேர்தலைத் தாண்டி ஏப்ரல் 22, 23 தேதிகளுக்குப் போயின. கல்லூரிகளையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் சென்னையின் மூன்று தொகுதிகளுக்கு ராணி மேரி கல்லூரி, லயோலா கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை எண்ணும் மையங்கள். ஏப்ரல் 19-இல் பூட்டிய அறைகளை ஜூன் 4 வரை திறக்க முடியாது.

*

டியூட்டிக்குப் போன ஆசிரியைகளின் இரவு பற்றி. சாவடியை முடித்து, படிவங்களை எழுதி, உறைகளுக்கு அரக்கு வைத்து, மண்டல அலுவலரின் வண்டிக்காகக் காத்திருந்து, எல்லாவற்றையும் ஒப்படைக்கும்போது மணி பன்னிரண்டு, ஒன்று. பெட்டிக்கு வண்டியும் துப்பாக்கிக் காவலும் உண்டு. ஆசிரியைக்கு இல்லை. எங்கள் ஒன்றியத்தில் ஒருவர் விடியற்காலை முதல் பஸ் வரும்வரை நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். அவர் மறுநாள் ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனிதத்தன்மை இல்லை. அவர் வராவிட்டால் ஈராசிரியர் பள்ளியில் அன்றும் பாடம் இல்லை. ஆசிரியருக்கு ஓய்வும் பிள்ளைக்குப் பாடமும் எதிரெதிர் ஆகிவிடக் கூடாது. மறுநாளையும் விடுமுறையாக அறிவித்து இரண்டுக்கும் சனிக்கிழமைகளில் ஈடு செய்வதுதான் நேர்மை.

*

வாக்குப்பதிவு எல்லாம் திங்கள் முதல் வெள்ளிக்குள்தான் நடக்க வேண்டுமா? 2014 மக்களவைத் தேர்தல் இங்கே வியாழக்கிழமை. 2016 சட்டமன்றம் திங்கள். 2019 வியாழன். 2021 செவ்வாய். 2024 வெள்ளி. விக்கிரவாண்டி இடைத்தேர்தல் 2024 ஜூலை 10, புதன். பள்ளி திறந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஆனால் 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் சனிக்கிழமையில் வைத்தது. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலின் இரண்டு கட்டமும், டிசம்பர் 27, 30, அரையாண்டு விடுமுறைக்குள் வந்தன. அப்போதும் எண்ணிக்கை நீண்டு பள்ளி திறப்பு சில நாள் தள்ளிப்போனது. ஆனாலும் இழப்பு குறைவு. 2024-இல் எங்கள் பக்கம் தேர்தல் பயிற்சி வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தார்கள். ஆசிரியர்களுக்கு ஓய்வு போயிற்று, வகுப்பு தப்பியது. மனம் வைத்தால் முடிகிறது.

ஆஸ்திரேலியாவில் எப்போதும் சனிக்கிழமை. அங்கேயும் சாவடி பள்ளிக்கூடத்தில்தான். வரிசையில் நிற்பவர்களுக்குப் பெற்றோர் சங்கம் பலகாரம் சுட்டு விற்றுப் பள்ளிக்கு நிதி சேர்க்கிறது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஞாயிறு. இலங்கையில் 2024 ஜனாதிபதித் தேர்தல் செப்டம்பர் 21, சனிக்கிழமை.

*

‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதா 2024 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அடிக்கடி தேர்தல் வந்தால் ஆசிரியர்களின் நேரம் போகிறது என்பதும் அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எங்கள் பெயரைச் சொல்லி அதைச் செய்ய வேண்டாம். ஈரோட்டு வாக்காளர்கள் தங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று இரண்டு முறை வரிசையில் நின்றது அவர்களுடைய உரிமை. சனிக்கிழமை ஒன்றை வேலைநாளாக அறிவித்தால் தீரும் காரியத்துக்கு அரசியலமைப்பைத் திருத்துவானேன்?

*

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த ஈடுசெய் நாள் கோரிக்கையை வைத்தேன். தலைவர் ஒரு தாய், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தீர்மானத்தின் வாசகத்தைப் படித்துக் காட்டினேன். தேர்தலுக்காகப் பள்ளி மூடும் ஒவ்வொரு வேலைநாளுக்கும், முந்தின நாளும் மறுநாளும் சேர்த்து, உள்ளூர் விடுமுறைக்குச் செய்வது போலவே இரண்டு மாதத்துக்குள் ஈடுசெய் நாள் அறிவிக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவருக்கு மேல் டியூட்டிக்கு எடுக்கக் கூடாது. பட்டியல் வேலைக்குப் பாட வேளையில் ஆசிரியரை அழைக்கக் கூடாது. சாவடிக்காகச் சேதமாகும் சுவருக்கும் பொருளுக்கும் தேர்தல் செலவிலிருந்தே பணம் தர வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்கும் இதே முறை வேண்டும்.

கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்டார்: “சனிக்கிழமை வச்சா காலைச் சாப்பாடும் உண்டா டீச்சர்?”

“வேலைநாள்னு அறிவிச்சா உண்டும்மா. ஆனா நாம எழுதிக் கேக்கறது நல்லது.”

“அப்ப அதையும் எழுதுங்க. அன்னைக்குத்தான் எங்களுக்கும் வேலை இருக்கும்.”

எழுதினோம். இருபது பேரில் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற மூவர் நாற்று நடவிலிருந்து வரவில்லை, அவர்கள் வீட்டுக்கே போய் வாங்க வேண்டும். நடத்தை விதி நடப்பில் இருந்தால் கிராம சபை கூடாது. அது இல்லாத ஆகஸ்ட் 15-ஆம் தேதிக் கிராம சபையில் தீர்மானமாக வைத்து, ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், ஒரு நகல் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் தபாலில் போகிறது.